பத்தாண்டுக் காவலனும் பல நூற்றாண்டுப் பொறுப்பும்

நுழையும்முன்

ஒரு பொருளை வாங்கும்போது பலமுறை எண்ணிப் பார்க்கும் மனிதர், அதனைக் கழிக்கும்போது ஒருமுறைகூட எண்ணுவதில்லை. உழைத்து ஓய்ந்த கருவி குப்பைத்தொட்டிக்குள் விழுந்தவுடன் அதனோடு கொண்ட உறவு முடிந்துவிட்டதாகக் கருதுகின்றனர். உள்ளங்கை அகலமே உள்ள ஒரு சிறு கருவி அந்த எண்ணம் சரியானதா என்று வினவ வைக்கிறது. வீட்டின் மேற்கூரையில் இருந்து உயிர்காக்கும் புகையுணரியையும், அதன் பணி முடிந்தபின் அதற்கு விடைகொடுக்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

கூரையில் ஒரு காவலன்

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் மரத்தை மிகுதியாகக் கொண்டு கட்டப்பட்ட வீடுகள் பல உண்டு. குளிர்காலத்தில் கதவும் சன்னலும் அடைத்தே இருக்கும். அறையை வெப்பமூட்டும் அடுப்புகளும் மின்கருவிகளும் இரவு முழுவதும் இயங்கும். இத்தகைய வீட்டில் நள்ளிரவில் தீப்பற்றினால், நெருப்பு நெருங்கும் முன்பே புகை சூழ்ந்துவிடும். உறங்கும் மனிதரைப் புகையின் மணம் எழுப்பிவிடும் என்று நம்புவதற்கில்லை. புகையோடு கலந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு உறக்கத்தை மேலும் ஆழமாக்கி உயிரையே பறித்துவிடும்.

இந்த இடரை முன்கூட்டியே அறிவிக்கும் கருவியே புகையுணரி. மக்கள் வழக்கில் இதனை 'ஸ்மோக் டிடெக்டர்' என்பர். மேற்கூரையில் பொருத்தப்பட்ட இக்கருவி, புகை நுழைந்ததும் காதைத் துளைக்கும் ஒலி எழுப்பி வீட்டாரை எழுப்பிவிடும். அமெரிக்காவில் வீட்டுத் தீ விபத்துகளில் நேரும் இறப்புகளுள் ஏறத்தாழ ஐந்தில் மூன்று, புகையுணரி இல்லாத வீடுகளிலோ அது இயங்காத வீடுகளிலோ நேர்கின்றன என்று அந்நாட்டின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் தெரிவிக்கிறது. விலை குறைந்த இக்கருவி காக்கும் உயிர்களின் அளவை இதனால் உணரலாம்.

தற்செயல் தந்த கண்டுபிடிப்பு

1930களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்து நாட்டு இயற்பியலாளர் வால்டர் யேகர், காற்றில் கலந்த நச்சு வாயுவைக் கண்டறியும் கருவி ஒன்றை உருவாக்க முயன்றார். காற்றை அயனியாக்கி, அதனூடே செல்லும் சிறு மின்னோட்டத்தை அளந்தால், நச்சு வாயு நுழையும்போது மின்னோட்டம் மாறும் என்பது அவருடைய கருத்து. ஆனால், வாயுவைச் செலுத்தியபோது அளவியின் முள் அசையவில்லை. சோர்வுற்ற அவர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். அப்போது முள் அசைந்தது. நச்சு வாயுவை உணராத கருவி புகையை உணர்ந்தது. அவருடைய உடன்பணியாளரான எர்ன்ஸ்ட் மெய்லி இக்கருத்தை மேலும் வளர்த்து, பயன்பாட்டுக்குரிய கருவியாக மேம்படுத்தினார்.

தொடக்கக்காலப் புகையுணரிகள் பெரியனவாகவும் விலைமிக்கனவாகவும் இருந்ததால் தொழிற்சாலைகளிலும் பெருங்கட்டடங்களிலும் மட்டுமே இடம்பெற்றன. 1960களின் நடுவில் அமெரிக்கரான டுவேன் பியர்சால், மின்கலத்தால் இயங்கும் மலிவான வீட்டுப் புகையுணரியை உருவாக்கும் முயற்சியில் ஈடுபட்டார். 1970களில் இக்கருவி வீடுதோறும் பரவத் தொடங்கியது.

கருவியின் உள்ளே

வீடுகளில் பயன்படும் புகையுணரிகள் இருவகைப்படும். ஒன்று, ஒளியைக் கொண்டு புகையை அறிவது. இதன் உட்பகுதியில் ஒரு சிறு விளக்கும் ஓர் ஒளியுணரியும் நேருக்குநேர் அமையாமல் விலகி இருக்கும். அறையில் புகை நுழைந்தால் அதன் துகள்கள் ஒளியைச் சிதறடித்து ஒளியுணரியின் மீது விழச் செய்யும். உடனே மணி ஒலிக்கும். மெத்தை, சோபா போன்றவை கனன்று புகையும் தீயை இவ்வகை விரைந்து அறியும். இதில் கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லை.

மற்றொன்று அயனியறைப் புகையுணரி. யேகர் கண்ட உண்மையே இதன் அடிப்படை. இதனுள் சிறு இடைவெளியோடு இரண்டு உலோகத் தகடுகள் உள்ளன. அவற்றின் அருகே அமெரிசியம்-241 என்னும் கதிரியக்கப் பொருள் மிகச் சிறிய அளவில் வைக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து வெளிப்படும் ஆல்பா துகள்கள் காற்றின் மூலக்கூறுகளை அயனிகளாக்குகின்றன. அயனிகள் தகடுகளை நோக்கி நகர்வதால் மெல்லிய மின்னோட்டம் இடையறாது பாய்கிறது. புகைத்துகள்கள் உள்ளே வந்தால் அயனிகள் அவற்றின்மீது ஒட்டிக்கொள்கின்றன. மின்னோட்டம் குறைகிறது. அக்குறைவையே தீயின் அறிகுறியாகக் கொண்டு கருவி ஒலி எழுப்புகிறது. காகிதம் போன்றவை சுடர்விட்டு எரியும் தீயை இவ்வகை விரைந்து உணரும்.

ஒரு கருவியில் உள்ள அமெரிசியத்தின் கதிரியக்க அளவு பொதுவாக ஒரு மைக்ரோகியூரி, அதாவது 37 கிலோபெக்கெரல் ஆகும். நொடிக்கு 37,000 அணுக்கருக்கள் சிதைகின்றன என்பது இதன் பொருள். எண் பெரிதாகத் தோன்றினாலும் பொருளின் எடை ஏறத்தாழ 0.3 மைக்ரோகிராம் மட்டுமே. ஒரு கிராம் அமெரிசியம் ஆக்சைடைக் கொண்டு முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட புகையுணரிகளைச் செய்துவிடலாம். அந்தச் சிறு அளவும் தங்கம் போன்ற உலோகங்களாலான மெல்லிய தகட்டினுள் பொதிந்து வைக்கப்பட்டுள்ளது.

தெரிந்து தெளிவோம்

95 என்னும் அணு எண்ணைக் கொண்ட அமெரிசியம் இயற்கையிலிருந்து அகழ்ந்தெடுத்த தனிமம் அன்று. அணு உலையில் உருவாக்கப்படுவது. 1944ஆம் ஆண்டு கிளென் சீபோர்க் தலைமையிலான குழுவினர் சிகாகோவில் இதனைக் கண்டறிந்தனர். உலகப்போர்க் காலமாதலால் செய்தி மறைவாகவே இருந்தது. 1945 நவம்பர் 11 அன்று சிறுவர்களுக்கான வானொலி நிகழ்ச்சி ஒன்றில் சீபோர்க் பங்கேற்றபோது, புதிய தனிமங்கள் ஏதேனும் கண்டறியப்பட்டுள்ளனவா என்று ஒரு சிறுவன் வினவினான். சீபோர்க் உண்மையைக் கூறிவிட்டார். அறிவியலாளர் மாநாட்டில் முறைப்படி அறிவிக்கப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன்பே இச்செய்தி ஒரு சிறுவனின் கேள்வியால் வெளிப்பட்டது.

இரண்டு காலக்கணக்குகள்

புகையுணரி என்றென்றும் உழைப்பதில்லை. தூசு படிதல், சமையல் எண்ணெய்ப் பிசுக்கு, சிறு பூச்சிகள், மின்னணுப் பகுதிகளின் தேய்வு ஆகியவற்றால் அதன் உணர்திறன் குறைந்துகொண்டே வரும். ஆகவே, தயாரித்த நாளிலிருந்து பத்தாண்டுகள் கடந்தால் கருவியை மாற்றிவிட வேண்டும் என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்பு நெறி. பொத்தானை அழுத்தும்போது ஒலி எழுகிறது என்பதாலேயே பழைய கருவி புகையை உணரும் என்று முடிவுசெய்துவிடக் கூடாது. தயாரித்த நாள் கருவியின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.

கருவியின் காலம் பத்தாண்டு. ஆனால், உள்ளிருக்கும் அமெரிசியத்தின் காலக்கணக்கு வேறு. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 432 ஆண்டுகள். இன்று உள்ள அணுக்களில் பாதி சிதைந்து மறைவதற்கு அவ்வளவு காலம் தேவை. பத்தாண்டுகள் முடிந்து கருவியைக் கழற்றும் நாளில், தொடக்கத்தில் இருந்த அமெரிசியத்தில் 98 விழுக்காட்டுக்கும் மேல் அப்படியே இருக்கும். சிதைந்த பகுதியும் இல்லாமற் போய்விடுவதில்லை. அது நெப்டியூனியம்-237 என்னும் வேறொரு கதிரியக்கப் பொருளாக மாறுகிறது. அதன் அரை ஆயுட்காலம் இருபது இலட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகும்.

கருவியைப் பயன்படுத்தியவருக்குப் பத்தாண்டில் முடிந்த கணக்கு, அதனை ஏற்கும் மண்ணுக்குப் பல நூற்றாண்டுகள் தொடர்கிறது. புகையுணரியைக் கழிப்பது குறித்துத் தனியே எண்ண வேண்டிய தேவை இங்கேதான் எழுகிறது.

அச்சமும் அறிவும்

கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கருவியையே வீட்டிலிருந்து அகற்றிவிட எண்ணுவது பிழை. ஆல்பா துகளின் ஆற்றல் மிகுதி. ஆயினும் அது செல்லும் தொலைவு குறைவு. காற்றில் சில சென்டிமீட்டர் செல்வதற்குள் அது அடங்கிவிடும். ஒரு தாள்கூட அதனைத் தடுத்துவிடும். மனிதத் தோலின் மேற்படலத்தையும் அதனால் கடக்க இயலாது. அமெரிசியத்திலிருந்து வலுக்குறைந்த காமா கதிர்களும் வெளிப்படுகின்றன. ஆனால், பொருளின் அளவு மிகச் சிறியதாதலால், கூரையில் உள்ள முழுமையான ஒரு கருவியிலிருந்து வீட்டார் பெறும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயல்பாகவே பெறும் கதிர்வீச்சின் முன் மிக மிகச் சிறிது. கதிரியக்கத்துக்கு அஞ்சிப் புகையுணரியைக் கழற்றி எறிபவர், இல்லாத இடரைத் தவிர்த்து இருக்கும் இடரை வரவேற்பவர் ஆகிறார்.

அஞ்சத்தக்கது வேறு. உள்ளே பொதிந்துள்ள தகட்டை உடைத்தோ சுரண்டியோ எரித்தோ சிதைத்தால், அமெரிசியம் நுண்துகளாக வெளிப்படக்கூடும். அத்துகள் மூச்சுக்காற்றின் வழியாகவோ உணவின் வழியாகவோ உடலுக்குள் சென்றால் எலும்பிலும் கல்லீரலிலும் தங்கிவிடும். தோலைக் கடக்க இயலாத ஆல்பா துகள், உடலுக்குள் இருந்து வெளிப்படும்போது அருகிலுள்ள உயிரணுக்களை நேரடியாகத் தாக்கும். வெளியே இருக்கும்போது எளியதாகத் தோன்றும் ஒன்று உள்ளே நுழைந்தால் கொடியதாகிறது.

இவ்வுண்மையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்தது. அணுவியலில் அளவுகடந்த ஆர்வம் கொண்ட பதின்பருவ மாணவர் ஒருவர், பழைய புகையுணரிகள் பலவற்றைத் திரட்டி அவற்றிலிருந்த அமெரிசியத்தைப் பிரித்தெடுத்தார். வேறு கதிரியக்கப் பொருள்களையும் சேர்த்து, வீட்டின் பின்புறக் கொட்டகையில் ஆய்வு செய்தார். அங்குக் கதிரியக்கம் கூடியது. 1995ஆம் ஆண்டு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அக்கொட்டகையையே பிரித்தெடுத்து, பீப்பாய்களில் அடைத்து, யூட்டா மாநிலத்தில் கதிரியக்கக் கழிவுகளுக்கென உள்ள இடத்தில் புதைக்க நேர்ந்தது. தனித்தனியே கூரையில் இருந்தபோது தீங்கு செய்யாத பொருள், ஓரிடத்தில் திரண்டு உறையிழந்தபோது ஒரு குடியிருப்புக்கே இடராயிற்று. அறிவார்வம் போற்றத்தக்கது, ஆனால், பாதுகாப்பறிவு இல்லாத ஆர்வம் தன்னையும் அயலாரையும் வருத்தும்.

நாடுகளின் நெறிமுறைகள்

பழைய புகையுணரியைக் கழிக்கும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில் ஒன்றிரண்டு அயனியறைக் கருவிகளை வீட்டுக் குப்பையோடு சேர்க்கச் சட்டம் பொதுவாக இடமளிக்கிறது. ஒவ்வொன்றிலும் உள்ள அளவு மிகச் சிறியது. அவை பரந்த நிலப்பரப்பில் சிதறிவிடுகின்றன என்பது இதற்குக் கூறப்படும் காரணம். எனினும், சில மாநிலங்களும் ஊர்களும் தனியே சேகரிக்கும் ஏற்பாடுகளைச் செய்துள்ளன. தயாரிப்பு நிறுவனங்களுள் சில, பழைய கருவியை அஞ்சல் வழியே திரும்பப் பெற்றுக்கொள்கின்றன. இயலும் இடங்களில் இவ்வழியே சிறந்தது.

ஐரோப்பிய நாடுகளில் மின்னணுக் கருவிகளின் மீது, குறுக்குக்கோடு இடப்பட்ட குப்பைத்தொட்டியின் படம் காணப்படும். பொதுக்குப்பையில் சேர்க்காமல் மின்னணுக் கழிவு மையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். பிரான்சு நாடு வீட்டுப் பயன்பாட்டில் அயனியறைப் புகையுணரிக்கு இடமளிக்கவில்லை. அங்கு அலுவலகங்களிலும் தொழிலகங்களிலும் இருந்த கருவிகளையும் படிப்படியாக அகற்றுமாறு 2011ஆம் ஆண்டு ஆணை பிறந்தது. ஒளிவழி உணரும் கருவி அதே பணியைச் செய்யும்போது கதிரியக்கப் பொருளைப் பயன்படுத்த வேண்டியதில்லை என்பது அந்நாட்டின் நிலைப்பாடு.

இந்தியாவில் பெரும்பாலான வீடுகளில் புகையுணரி இல்லை. ஆயினும் விடுதிகள், மருத்துவமனைகள், வங்கிகள், கணினி மையங்கள், அடுக்குமாடிக் கட்டடங்கள் ஆகியவற்றின் கூரைகளில் இதனைக் காணலாம். அயனியறைப் புகையுணரி இங்கு 1983ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. கதிரியக்கக் கழிவுகள், பிற மின்னணுக் கழிவுகளுக்கான விதிகளுக்குள் அடங்காமல், அணுசக்திக்கான சட்டத்தின்கீழ்த் தனியே கையாளப்படுகின்றன. எனவே, பழைய கட்டடம் ஒன்றை இடிக்கும்போது கழற்றப்படும் இவ்வகைக் கருவிகள் பழைய இரும்புக் கடைக்குச் செல்லக் கூடாது. அவற்றை வழங்கிய நிறுவனத்திடமே திருப்பித் தருதல் வேண்டும்.

விடைகொடுக்கும் முறை

பழைய புகையுணரியை அகற்றும்போது கைக்கொள்ள வேண்டிய நெறிகள் எளியவை.

முதலாவதாக, கருவியின் வகையை அறிய வேண்டும். பின்புறத்தில் மூன்று இதழ் கொண்ட கதிரியக்கக் குறியீடோ, அமெரிசியம்-241 என்ற பெயரோ, மைக்ரோகியூரி, கிலோபெக்கெரல் ஆகிய அலகுகளுள் ஒன்றோ காணப்பட்டால் அஃது அயனியறைக் கருவி. இவை எதுவும் இல்லையெனினும் எழுத்துகள் அழிந்திருந்தால் அதனையும் அயனியறைக் கருவியாகவே கொள்வது பாதுகாப்பானது.

இரண்டாவதாக, மின்கலத்தைப் பிரிக்க வேண்டும். ஒன்பது வோல்ட் மின்கலத்தில் இரு முனைகளும் ஒரே பக்கத்தில் அருகருகே உள்ளன. சாவி, நாணயம், கம்பி போன்றவை அவற்றை இணைத்துவிட்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பற்றக்கூடும். ஆதலால், முனைகளின்மீது மின்காப்பு நாடாவை ஒட்டிய பின்னரே மின்கலத்தைச் சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். புதிய கருவிகள் பலவற்றில் பத்தாண்டு உழைக்கும் லித்தியம் மின்கலம் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். அதனைப் பிரிக்க முயலாமல், பின்புறம் உள்ள நிறுத்துவிசையை இயக்கி முழுக் கருவியாகவே ஒப்படைக்க வேண்டும். குப்பை வண்டியில் நசுங்கும் லித்தியம் மின்கலம் தீப்பற்றும். தீயிலிருந்து காக்க வந்த கருவியே தீக்குக் காரணமாகிவிடக் கூடாது.

மூன்றாவதாக, கருவியின் உட்பகுதியைத் திறத்தல், உடைத்தல், எரித்தல் ஆகியவை கூடவே கூடா. உலோகத்துக்காகப் பிரித்தெடுக்கவும் கூடாது. கருவி ஏற்கெனவே உடைந்திருந்தால், கையுறை அணிந்து எடுத்து, நெகிழிப் பையில் இட்டுக் கட்டி, பின்னர்க் கைகளை நன்கு கழுவ வேண்டும்.

நான்காவதாக, பல ஆண்டுகளாகச் சேரும் பழைய கருவிகளைப் பெட்டியில் குவித்து வைக்காமல் அவ்வப்போது ஒப்படைத்துவிட வேண்டும்.

ஐந்தாவதாக, பழையதைக் கழற்றிய அன்றே புதியதைப் பொருத்த வேண்டும். கூரையில் காவலன் இல்லாத ஓர் இரவும் இடருக்குரிய இரவே.

பெயரிழந்த பொருள்

கதிரியக்கப் பொருள் தன் அடையாளத்தை இழந்து பழைய பொருள் சந்தைக்குள் நுழைந்தால் என்ன நேரும் என்பதை 2010ஆம் ஆண்டு தில்லி கண்டது. கல்விக்கூடம் ஒன்றில் நெடுங்காலம் பயன்படாமல் இருந்த ஆய்வுக்கருவி ஏலத்தில் விற்கப்பட்டது. மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் அதனைப் பிரித்தவர்களுக்கு, உள்ளே இருந்தது கோபால்ட்-60 என்பது தெரியாது. பலர் நோயுற்றனர், ஒருவர் உயிரிழந்தார். அந்தக் கோபால்ட்டின் வலிமைக்கும் ஒரு புகையுணரியில் உள்ள அமெரிசியத்தின் வலிமைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. ஒரு புகையுணரி அத்தகைய அழிவை உண்டாக்காது. ஆயினும், இரண்டும் கற்பிக்கும் பாடம் ஒன்றே. பொருளின் உள்ளே இருப்பது இன்னதென்று அறிந்தவர், அவ்வறிவைச் சொல்லாமலே பொருளை மட்டும் கைமாற்றிவிடுகிறார். அறியாதவர் அதன் துன்பத்தை ஏற்கிறார்.

குப்பையைத் தரம்பிரிக்கும் தூய்மைப் பணியாளர், சுத்தியலால் உடைத்துச் செம்பும் அலுமினியமும் பிரிக்கும் தொழிலாளி, எரியும் குப்பைமேட்டின் அருகே வாழும் குழந்தை ஆகியோர் அக்கருவியை வாங்கியவர்கள் அல்லர். அது காத்த வீட்டில் உறங்கியவர்களும் அல்லர். ஒருவருடைய பாதுகாப்புக்காக வாங்கிய பொருள் மற்றொருவரின் பாதுகாப்பைக் குலைக்காதவாறு பார்த்துக்கொள்வதே முறையான கழிவகற்றலின் உட்பொருள். அட்டைப்பெட்டியின் மேல் 'பழைய புகையுணரி, அயனியறை வகை' என ஒரு வரி எழுதி ஒப்படைப்பதற்குச் சில நொடிகளே தேவை. அந்த ஒரு வரி, அடுத்துக் கையில் எடுப்பவருக்கு உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும்.

மின்கலம், கைப்பேசி, ஒளிர்குழல் விளக்கு, பாதரச வெப்பமானி என வீட்டில் பயன்படும் பல பொருள்களுக்கும் இந்நெறி பொருந்தும். அவற்றின் உள்ளே இருப்பதை அறிந்து பயன்படுத்துவதும், அவ்வறிவோடு அவற்றுக்கு விடைகொடுப்பதும் அறிவியல் கற்றோரின் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. அமெரிசியம்-241இன் அரை ஆயுட்காலம் 432 ஆண்டுகள் எனக் கொண்டு, 864 ஆண்டுகளுக்குப் பின்னும் 1,296 ஆண்டுகளுக்குப் பின்னும் எவ்வளவு பங்கு எஞ்சியிருக்கும் எனக் கணக்கிட்டு வகுப்பில் விளக்குக.

2. உங்கள் வீட்டில் ஓராண்டில் கழிக்கப்படும் மின்கலங்களையும் மின்னணுப் பொருள்களையும் பட்டியலிட்டு, அவை எங்குச் சென்று சேர்கின்றன எனக் கேட்டறிந்து எழுதுக.

3. பழைய மின்கலங்களைத் தனியே சேகரிக்கும் பெட்டி ஒன்றைப் பள்ளியில் அமைக்க வேண்டித் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதுக.